ஸ்கோப் படம் வீட்டுக்கு வந்தால் ஏன் சுருங்குகிறது: எட்டுக்கு நாலு பிளைவுட்டில் ஒரு திரை

போன தீபாவளிக்குச் சித்தப்பா வந்திருந்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஊர்க் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். ஹாலில் இருக்கிற 55 இன்ச் டிவியில் காலையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது, மதியம் ஒரு புதுப் படம். மதியப் படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை. இடைவேளை வரைக்கும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "என்னடா இது, ஸ்கோப் படம் போட்டா ஸ்கிரீன் பெரிசாகணும். உங்க வீட்ல சின்னதாகுது" என்றார்.

அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டேப்பை எடுத்து அளந்து பார்த்தால், மனுஷன் சொன்னது அப்படியே உண்மை.

55 இன்ச் டிவி என்றால் திரை சுமார் 48 இன்ச் அகலம், 27 இன்ச் உயரம். ஸ்கோப் (சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை) படத்தின் விகிதம் 2.39, அதாவது உயரத்தைப் போல 2.39 மடங்கு அகலம். 48 இன்ச் அகலத்துக்குள் அதை அடக்கினால் உயரம் 20 இன்ச்தான் வரும், மீதி ஏழு இன்ச் கறுப்பு. காலையில் பார்த்த பழைய படம் 1.37 விகிதம், 1932இல் ஹாலிவுட் அகாடமி நிர்ணயித்த அளவு. அது 27 இன்ச் உயரத்தையும் முழுசாக எடுத்துக்கொண்டு 37 இன்ச் அகலத்தில் நிற்கிறது. பெருக்கிப் பாருங்கள்: பழைய படத்துக்கு ஏறக்குறைய 1000 சதுர இன்ச், ஸ்கோப்புக்கு 960. ஊரையே கூட்டிவைத்துக் காட்டுவதற்காக எடுத்த படம் வீட்டில் சின்னது. குளோசப்பில் வித்தியாசம் இன்னும் மோசம், ஏனென்றால் முகம் எவ்வளவு பெரிசாகத் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது திரையின் உயரம். 27 இன்ச் முகம் எங்கே, 20 இன்ச் முகம் எங்கே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1953இல் அமெரிக்காவில் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்ததே, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்ட ஜனங்களை மறுபடி தியேட்டருக்கு இழுக்கத்தான். கடைசியில் அந்தப் படங்களையும் டிவிக்குள்தான் அடைக்கிறோம். இன்றைக்கு எல்லா டிவியும் 16:9, அதாவது 1.78. இதுவும் எந்தச் சினிமாவுக்கும் சொந்தமான வடிவம் இல்லை. எண்பதுகளில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்தில் இருந்த விகிதங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்த நடுவாந்திர அளவு. 1.33ஐயும் (பழைய டிவி) 2.35ஐயும் (பழைய ஸ்கோப்) பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1.77 வரும், அதுதான். பழைய படத்துக்கும் நஷ்டம், ஸ்கோப்புக்கும் நஷ்டம், ரெண்டு பேருக்கும் சமமாகப் பங்கு போட்ட நஷ்டம்.

மறுநாள் காலையில் காபியோடு சித்தப்பாவைப் பிடித்தேன். அவர் கொட்டகையில் திரைத்துணி பெரிசு, அதன் ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கும். சாதாப் படம் என்றால் கறுப்புத் துணியை உள்ளே தள்ளிவைப்பார்கள். ஸ்கோப் படம் என்றால் படம் ஆரம்பிக்கும் முன்னால் கயிற்றை இழுப்பார்கள், துணி ரெண்டு பக்கமும் விலகும், அதற்கே விசில் பறக்குமாம். உள்ளே புரொஜக்டரில் ஃபிலிமின் எவ்வளவு பகுதி திரையில் விழும் என்று வரையறுக்கிற கேட் தகட்டை மாற்றி, ஸ்கோப் லென்ஸை முன்னால் மாட்ட வேண்டும். ஃபிலிமில் படம் பக்கவாட்டில் பாதியாக நெருக்கப்பட்டிருக்கும், அதை விரித்துக் காட்டுவது அந்த லென்ஸ். "ஒரு நாள் லென்ஸ் மாட்ட மறந்துட்டேன். ஹீரோயின் ஒட்டடைக் குச்சி மாதிரி நிக்கிறா. கீழேயிருந்து எனக்கு விழுந்த திட்டு இருக்கே..." தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வந்தது 1973இல், இந்தியில் 1959லேயே 'காகஸ் கே ஃபூல்' வந்துவிட்டது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது லென்ஸும் கயிறும் ஏற்கெனவே இருந்தனவாம்.

சரி, அந்தக் கயிறு வேலையை வீட்டில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரு பழைய புரொஜக்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கி மாடி அறைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தேன். 1080பி (1080 வரிசைப் படம்), அதுவும் 16:9தான், ஆனால் புரொஜக்டரில் ஜூம் இருக்கிறது, டிவியில் இல்லை. கணக்கு சுலபம். 8 அடி அகலம், அதாவது 96 இன்ச், 40 இன்ச் உயரத்தில் ஸ்கோப் திரை செய்ய வேண்டியது. ஸ்கோப் படம் போட்டால் அது முழுசாக நிறையும்படி ஜூம் செய்வது, மேல் கீழ்க் கறுப்புப் பட்டை ரெண்டும் திரைக்கு வெளியே விழும். 16:9 படம் போட்டால் ஜூமைக் குறைத்து அதே 40 இன்ச் உயரத்துக்குக் கொண்டுவருவது. உயரம் எப்போதும் மாறாது, அகலம்தான் கூடும், குறையும். கொட்டகைக் கணக்கு அதேதான்.

சட்டத்துக்கு ரெண்டு இன்ச் ரீப்பர் வாங்கி அறுத்து, மூலைக்கு எல் ஆங்கிள் போட்டு, திரைச்சீலைக் கடையில் கிடைக்கிற வெள்ளை பிளாக்அவுட் துணியை இழுத்து ஸ்டேப்ளர் கன்னால் அடித்தேன். மூலையிலிருந்து அடிக்க ஆரம்பித்தது முதல் தப்பு. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவிலிருந்து ஆரம்பித்து, எதிரெதிர் பக்கமாக மாறி மாறி அடித்துக்கொண்டு மூலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் விழும், விழுந்தது. ரெண்டாவது தப்பு, நடுவில் குறுக்குக் கட்டை வைக்காதது. எட்டடி ரீப்பர் துணி இழுத்த இழுப்பில் நடுவே அரை இன்ச் உள்வாங்கிவிட்டது. படத்தில் நேர்கோடாக இருக்கிற ஜன்னல் சட்டம் ஒன்று திரை ஓரத்துக்குப் பக்கத்தில் வந்தால் போதும், வளைவு கண்ணைக் குத்தும்.

இதெல்லாம்கூடச் சரிசெய்திருக்கலாம். மூன்றாவது தப்புதான் மொத்தத்தையும் கவிழ்த்தது. 96 இன்ச் அகலத்திலிருந்து 40 இன்ச் உயர 16:9 படத்துக்கு, அதாவது 71 இன்ச் அகலத்துக்கு இறங்க 1.35 மடங்கு ஜூம் வேண்டும். என் புரொஜக்டரில் இருப்பது 1.2. இதை மரம் அறுப்பதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் மாட்டிய பிறகு ஒரு கிரிக்கெட் மேட்ச் போட்டு ஜூமைக் கடைசி வரைக்கும் குறைத்தால் படம் 80 இன்ச் அகலம், 45 இன்ச் உயரம். திரையை விட உயரத்தில் ஐந்து இன்ச் கூட, படம் சுவரில் வழிகிறது. யாராவது இதே வேலையைச் செய்யப்போகிறீர்கள் என்றால் முதலில் புரொஜக்டரின் ஜூம் எண்ணைப் பாருங்கள், அப்புறம் ஆசாரியைப் பாருங்கள்.

புரொஜக்டரை முன்னும் பின்னும் நகர்த்தலாம் என்று தண்டவாளம் போடும் யோசனை ஒரு வாரம் மண்டையில் ஓடியது. ஒவ்வொரு படத்துக்கும் ஏணி போட்டு ஏறி மறுபடி ஃபோகஸ் பண்ணுவதை நினைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டேன். உயரம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்று அப்புறம்தான் உறைத்தது. ஸ்கோப் 96க்கு 40, பரப்பளவு 3840 சதுர இன்ச். 16:9 படம் 80க்கு 45, அது 3600. பழைய 1.37 படம் 45 இன்ச் உயரத்தில் சுமார் 62 இன்ச் அகலம், அது 2800க்குக் கொஞ்சம் கீழே. வரிசை சரியாகத்தானே இருக்கிறது! ஸ்கோப்தான் பெரிசு, பழைய படம்தான் சின்னது. உயரத்தில் ஐந்து இன்ச் முன்னே பின்னே இருந்தால் சித்தப்பா மன்னிப்பார்.

அடுத்த சிக்கல், படம் திரையில் எங்கே விழும் என்பது. என் புரொஜக்டரைக் கூரையில் தலைகீழாக மாட்டியிருக்கிறேன், லென்ஸ் ஏறக்குறைய படத்தின் மேல் விளிம்புக்கு நேராக இருக்கிறது. அதனால் ஜூம் செய்தால் மேல் விளிம்பு அப்படியே நிற்கும், வளர்ச்சியெல்லாம் கீழ்ப்பக்கம்தான். 16:9 படம் மேலிருந்து 45 இன்ச் வரை இறங்குகிறது. ஸ்கோப்புக்கு ஜூமைக் கூட்டினால் மொத்த ஒளிச் சட்டம் 54 இன்ச், அதில் மேலே 7 இன்ச் கறுப்பு, பிறகு 40 இன்ச் படம், கீழே மறுபடி 7 இன்ச் கறுப்பு. அதாவது படம் 7இல் ஆரம்பித்து 47இல் முடிகிறது. லென்ஸ் ஷிஃப்ட் இருக்கிற விலை உயர்ந்த புரொஜக்டர் என்றால் ஒரு திருகாணியைத் திருப்பி மேலே ஏற்றிவிடலாம். என்னுடையதில் அது கிடையாது. சாய்த்து மாட்டினால் கீஸ்டோன் போட வேண்டிவரும். கீஸ்டோன் என்பது சாய்வால் கோணிப்போன படத்தை நேராக்க, இருக்கிற பிக்சலில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியைச் சரிக்கட்டுகிற வேலை, 1080பியில் அதைச் செய்ய மனசு வரவில்லை.

ஆக திரைக்கு 96 அகலம் வேண்டும், உயரம் குறைந்தது 47 வேண்டும். இந்த எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எட்டுக்கு நாலு ஷீட்டு அப்படியே வச்சிருங்களேன் சார், எதுக்கு அறுக்கணும்?" என்றார். பிளைவுட் ஷீட்டின் அளவே 96க்கு 48. இத்தனை நாள் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்த என்னை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

12 எம்எம் ஷீட், இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், மாடிப்படி திருப்பத்தில் ரெண்டு பேர் தூக்கியும் திணறினோம். பாழான சட்டத்தின் ரீப்பர்களைப் பின்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக வைத்துத் திருகினேன், பிளைவுட் வளையாமல் இருக்க. முன்பக்கம் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கோட், மேலே வெள்ளை எமல்ஷன் ரெண்டு கோட். வெள்ளை மைக்கா ஒட்டிவிடலாமே என்று ஆசாரி சொன்னார், ஆனால் மேட் என்று விற்கிற மைக்காவிலும் ஒரு மினுமினுப்பு இருக்கும், நடுவில் லைட் அடித்தது மாதிரி ஒரு இடம் மட்டும் பளீரென்று தெரியும். அவ்வளவு தெளிவாக இருந்த நானே பெயின்ட் டப்பாவைச் சரியாகப் பார்க்காமல் லேசான பளபளப்பு உள்ளதை வாங்கி வந்து முதல் கோட் அடித்துவிட்டேன். மறுபடி உப்புத்தாள், மறுபடி மேட். ரோலரை ரொம்ப அழுத்தினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி விழுகிறது, கடைசிக் கோட்டில் கொஞ்சம் தண்ணீர் கூடக் கலந்து மெல்ல உருட்டினேன்.

ரசமட்டம் வைத்துச் சுவரில் மாட்டிய அன்றைக்குத்தான் கறுப்பின் வேலை ஆரம்பித்தது. இதை நான் முதலில் அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். என் புரொஜக்டரின் கறுப்பு உண்மையில் கறுப்பு இல்லை, அடர்ந்த சாம்பல். ஸ்கோப் படத்தின் மேல் பட்டை வெள்ளைப் பிளைவுட்டில் விழுந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பலகை மாதிரி மினுக்கிக்கொண்டே இருக்கும், இருட்டுக் காட்சியில் படம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. அதே இடத்தில் கறுப்பு வெல்வெட் இருந்தால் அந்த வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். பட்டை போன பிறகு உள்ளே இருக்கிற படத்தின் கறுப்பே கூடின மாதிரி தோன்றும். புரொஜக்டர் அதேதான், கண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இப்போது நிஜக் கறுப்பு பக்கத்தில் இருக்கிறது.

ஜவுளிக்கடையில் நாலு மீட்டர் கறுப்பு வெல்வெட் வாங்கினேன். ஃபோம் போர்டை அறுத்து வெல்வெட் சுற்றிப் பின்னால் ஒட்டினேன். மேலே வைக்க 96க்கு 7 இன்ச் பலகை ஒன்று, அது ஸ்கோப்புக்கு. பக்கத்துக்கு 8 இன்ச் அகலத்தில் ரெண்டு, கீழே 3 இன்ச் பட்டை ஒன்று, அவை 16:9க்கு. பழைய படத்துக்குப் பக்கம் 17 இன்ச் வேண்டும், அதற்கு 8 இன்ச் பலகைகளை ஒட்டியே வைக்க 9 இன்ச்சில் இன்னும் ரெண்டு. பிளைவுட் ஓரத்தில் சின்னச் சின்ன இரும்புத் துண்டு பதித்து, பலகைக்குப் பின்னால் காந்தம். வெல்வெட்டைப் பொறுத்தவரை ஒன்று முக்கியம்: அதற்கு மயிர்ப்போக்கு உண்டு. ஒரு பக்கமாகத் தடவினால் கன்னங்கரேல், மறுபக்கமாகத் தடவினால் சாம்பல் ஓடும். எல்லாப் பலகையிலும் போக்கு ஒரே திசையில் இருக்க வேண்டும். பக்கவாட்டுப் பலகையில் ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன், இன்னும் அப்படியேதான் இருக்கிறது, தெரிந்தவனுக்கு மட்டும் தெரியும்.

பிளைவுட்டுக்குக் கீழே சுவரிலும் ஏழு இன்ச்சுக்குக் கறுப்பு அடித்தேன், ஸ்கோப்பின் கீழ்ப் பட்டை விழுகிற இடம் அது. இதனால் வந்த வினையை முதல் கொரியன் படத்தில்தான் பார்த்தேன். சப்டைட்டிலைக் காணோம். சில படங்களில் சப்டைட்டில் படத்துக்குள் இல்லாமல் கீழே இருக்கிற கறுப்புப் பட்டையில் வரும், அது என் வீட்டில் கறுப்புச் சுவரில் விழுந்து மறைந்துவிடுகிறது. படம் ஓட்டுகிற மென்பொருளான விஎல்சியில் சப்டைட்டிலை இத்தனை பிக்சல் மேலே தூக்கு என்று எண் கொடுக்கிற இடம் செட்டிங்கில் இருக்கிறது. 1080 வரிசையில் பட்டை 140 வரிசை, 160 கொடுத்தால் படத்துக்குள் ஏறிவிட்டது.

எந்தப் படத்துக்கு எந்தப் பலகை என்று எப்படித் தெரியும் என்று மனைவி கேட்டாள். ஃபைலின் அளவைப் பார்த்தாலே தெரியும்: 1920க்கு 800 என்றால் ஸ்கோப், 1440க்கு 1080 என்றால் பழைய சதுரவாக்குப் படம். 1920க்கு 1080 என்று இருந்தால்தான் ஏமாறுவோம், பட்டையையும் படத்தோடு சேர்த்தே பதிந்திருப்பார்கள், ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பழைய டிவிடிகள் இன்னும் மோசம். என்னிடம் இருக்கிற ஒரு டிவிடியில் ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு அடைத்திருக்கிறார்கள், அதை 16:9இல் போட்டால் நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் தபால்தலை. மொத்தம் 576 வரிசையில் படத்துக்குக் கிடைப்பது 330 கூட இல்லை. விஎல்சியில் சி எழுத்தைத் தட்டித் தட்டி வெட்டி ஜூம் செய்தேன், எட்டடிக்கு விரித்தால் கஞ்சி மாதிரி இருக்கிறது. அந்தப் படத்தைச் சின்னதாகப் பார்ப்பதே உத்தமம்.

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி ஒரு புலம்பல். இவ்வளவு வேலை செய்து 1.37 பலகையெல்லாம் மாட்டி வைத்தால், கிடைக்கிற பிரதி ஏற்கெனவே 16:9க்கு வெட்டப்பட்டிருக்கிறது. இதில் ரெண்டு ஜாதி. ஒன்று இழுத்தது, எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு குண்டாகியிருப்பார்கள், விஎல்சியில் ஏ எழுத்தைத் தட்டி 4:3 ஆக்கினால் பழைய உடம்பு வந்துவிடும், சரிசெய்யக்கூடியது. இன்னொன்று வெட்டியது, உயரத்தில் கால் பங்கு போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. நாட்டியக் காட்சியில் போய்ப் பாருங்கள். அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்கள் ஆடுகிறவரைத் தலை முதல் பாதம் வரை சட்டத்துக்குள் நிறுத்தி வைத்திருப்பார்கள், வெட்டிய பிரதியில் சலங்கைச் சத்தம் கேட்கும், கால் தெரியாது. 'கர்ணன்' 2012இல் சினிமாஸ்கோப்பாக மறுவெளியீடு ஆகி நன்றாக ஓடியது, நானும் தியேட்டரில் பார்த்து மகிழ்ந்தவன்தான், ஆனால் 1.37 படத்தை 2.35 ஆக்க வேண்டும் என்றால் உயரத்தில் நூற்றுக்கு 42 பங்கை விட்டாக வேண்டும். ஷாட் ஷாட்டாகப் பார்த்து மேலே வெட்டுவதா கீழே வெட்டுவதா என்று யோசித்து வெட்டினாலும் அந்தக் கணக்கு மாறாது. எனக்குப் பக்கவாட்டில் கறுப்போடு முழுசாக இருக்கிற பிரதி போதும்.

'தி டார்க் நைட்' ப்ளூரேவைப் பயந்துகொண்டேதான் போட்டேன், ஏனென்றால் அதில் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்த காட்சிகள் வரும்போது படம் 2.40இலிருந்து 16:9க்கு விரியும், மறுபடி சுருங்கும். நடுவில் எழுந்து போய்ப் பலகை மாற்ற முடியாது. ஸ்கோப் ஜூமிலேயே விட்டேன். ஐமேக்ஸ் காட்சி வந்தபோது மேலே விரிந்தது வெல்வெட்டிலும் கீழே விரிந்தது கறுப்புச் சுவரிலும் போய்ச் செத்தது, உற்றுப் பார்த்தால் பேய் மாதிரி ஒரு நிழலாட்டம், அவ்வளவுதான். சாதாரணத் தியேட்டர்களில் அந்தப் படம் முழுக்க ஸ்கோப்பாகவே ஓடியது என்பதால் ஒன்றும் குடிமுழுகவில்லை.

நடுவில் ஒரு உபரி லாபம். இந்த அளவுப் பைத்தியத்தில் ஹால் டிவியையும் கிளறினேன். செய்திச் சேனலில் கீழே ஓடுகிற எழுத்து வரி விளிம்பில் லேசாக அறுபட்டிருந்தது, இத்தனை வருஷம் அது சேனலின் குறை என்று நினைத்திருந்தேன். டிவி தானாகப் படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கி நாலு ஓரத்தையும் வெட்டுகிறது, பழைய குழாய் டிவி காலத்துப் பழக்கம். பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட் என்று கம்பெனிக்கு ஒரு பெயரில் ஒளிந்திருக்கும், அதைப் போட்டதும் எழுத்து முழுசாக வந்தது. கறுப்புப் பட்டையைப் பார்த்துக் கோபப்பட்டு ஜூம் பட்டனை அமுக்கி வைத்திருப்பவர்களும் வீட்டுக்கு வீடு உண்டு, என் மாமனார் உட்பட. அதில் ஸ்கோப் படத்தின் ரெண்டு பக்கமும் சேர்த்துக் கால் பங்கு போகிறது. அவரிடம் இதை விளக்க ஆரம்பித்து, "பட்டைக்கா மாப்பிள காசு குடுத்தோம்?" என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

பொங்கலுக்குச் சித்தப்பா மறுபடி வந்தபோது முதலில் பக்கத்துப் பலகைகளோடு ஒரு 16:9 படத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். அப்புறம் நிறுத்தி, பலகைகளைக் கழற்றி, மேல் பலகையை ஏற்றி, ஏணியில் நின்று ஜூமைத் திருப்பி, ஃபோகஸ் பார்த்து ஸ்கோப் படத்தைப் போட மூன்று நிமிஷம் ஆனது. அவர் அந்த மூன்று நிமிஷத்தையும் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். படம் பெரிசானதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நாங்க ரீல் மாத்துற நேரத்துல இதைச் செஞ்சோம். கப்பி போட்டுக் கயிறு விடுடா" என்றார். பக்கத்துப் பலகைகளைத் திரைச்சீலைக் கம்பியில் தொங்கவிட்டு இழுக்கிற மாதிரி மாற்றலாம், அது முடியும். ஜூமுக்குக் கயிறு கட்ட முடியாது, ஏணி ஏறித்தான் ஆக வேண்டும். ரெண்டு கப்பியும் பத்து மீட்டர் நைலான் கயிறும் வாங்கி பீரோவுக்குப் பின்னால், அந்த 9 இன்ச் பலகைகளோடு வைத்திருக்கிறேன்.